ஊத வேண்டிய நாலு பேர்

காலை ஏழரை மணிக்கு ஹெல்மெட்டுக்குள் கையை விட்டு நாலு சீட்டு எடுத்து, அதில் இருக்கும் நம்பரைச் சத்தமாகப் படித்து, அந்த நாலு பேரையும் "வந்து ஊதுங்க" என்று கூப்பிடுவது கொஞ்ச காலம் என் உத்தியோகமாக இருந்தது. இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில். எண்ணூர் போகிற சாலையில் திருவொற்றியூர் தாண்டி ஒரு தனியார் கண்டெய்னர் யார்டு. அதில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் லீவு, யார் சொல்லாமல் நின்றுவிட்டார் என்று எழுதுகிற வேலை. எழுதுகிற வேலைக்குத்தான் எடுத்தார்கள். ஊதச் சொல்லுவது பிறகு தலையில் கட்டியது.

தண்டையார்பேட்டையில் இருந்து யார்டுக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே எனக்கு அன்றைய நாளின் பாதி உயிர் போய்விடும். துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கிற டிரெய்லர்களுக்கு நடுவே பஸ் நகரவே நகராது. அதற்கு முன்னால் வீட்டில் தண்ணி லாரிக்கு நின்றிருப்பேன். அந்த வருஷம் சென்னையில் குழாய் என்பது சுவரில் மாட்டிய அலங்காரப் பொருள்தான். அப்படி வந்து உட்கார்ந்தவுடன் மஞ்சள் ஹெல்மெட்டை என் மேஜையில் மல்லாத்தி வைத்தால் எனக்கு எப்படி இருக்கும். நான் சிடுசிடுவென்று இருப்பதாக யார்டில் ஒரு பேச்சு உண்டு. இருந்தேன்தான்.

இது ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் யார்டில் கண்டெய்னர் பெட்டி வைக்கிற வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி ஒன்று கடிதம் போட்டிருந்தது. கிரேன், போர்க் லிப்ட், டிரெய்லர் ஓடுகிற இடத்தில் குடித்துவிட்டு வேலை செய்யக்கூடாது, போதை மருந்தும் கூடாது. அதைச் சோதிக்க வேண்டும். எல்லாரையும் தினம் சோதிக்க முடியாது என்பதால், யாரை என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாதபடி தினம் சில பேரைப் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியை வேறு யார்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உடனே ஊதுகிற மிஷின் ஒன்று வாங்கினார்கள். போதை மருந்துக்குச் சிறுநீர் பிடிக்க மூடி போட்ட பிளாஸ்டிக் கப்பும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வந்தது. அதை யாரும் தொடவில்லை. கேண்டீன்காரர் மட்டும் வந்து, தயிர் ஊற்றிக் கொடுக்கச் சரியான சைஸாக இருக்கிறது, நாலு டஜன் தர முடியுமா என்று கேட்டார். கப் எதற்கு என்று சொன்னேன். "புதுசுதானே மேடம்" என்றார்.

விதி இரண்டு வரிதான். முதல் தடவை மிஷின் சிவப்பு காட்டினால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிக் கையில் ஒரு லெட்டர். இரண்டாவது தடவை காட்டினால் வேலை போச்சு. யூனியன் முதலில் சத்தம் போட்டது, பிறகு பெட்டி போய்விட்டால் எல்லாருக்கும் வேலை போகும் என்று புரிந்து அடங்கியது. ஆனால் சீட்டை மேனேஜ்மெண்ட் ஆள் எடுக்கக்கூடாது, யூனியன் ஆளும் வேண்டாம், டைம் ஆபீஸ் மேடம் எடுக்கட்டும் என்றார்கள். மேடத்துக்கு யார் மேலும் பாசம் கிடையாது, அதனால் நியாயமாக இருக்கும் என்று யூனியன் தலைவரே எல்லார் எதிரிலும் சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

எனக்கு உள்ளுக்குள் இன்னொரு எண்ணம் இருந்தது. இந்த மிஷினே தண்டம் என்று நினைத்தேன். என்னைக் கேட்டால் போதாதா? நான் குடிகாரர் மகள். அப்பா தெருமுனையில் திரும்பும்போதே, எவ்வளவு போட்டிருக்கிறார், வந்து சிரிப்பாரா, தட்டைத் தூக்கி எறிவாரா என்று சொல்லிவிடுவேன். கண்ணின் சிவப்பு, முகத்தின் உப்பல், நெற்றி வேர்வை, கால் வைக்கிற விதம் எல்லாம் எனக்குப் பாடம். யார்டு கேட்டில் நுழைகிற நூற்று நாற்பது பேரில் எவர் நேற்றுப் போட்டவர், எவர் இன்று காலையே போட்டவர் என்று மனசுக்குள் குறித்துக்கொள்வேன். மிஷின் அநேகமாக நான் நினைத்ததையே காட்டும். எனக்கு அதில் ஒரு கர்வம்.

முதல் பத்து நாளிலேயே பிரச்சினை வந்தது. டிரெய்லரில் பெட்டியைப் பூட்டுகிற லாக்கைக் கழற்றி மாட்டுகிற ஆள் ஒருவருக்கு மூன்று தடவை நம்பர் வந்துவிட்டது. மூன்று தடவையும் சுத்தமாக ஊதினார். மூன்றாம் தடவை ஊதினதும் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"இன்னா மேடம், நூத்திநாப்பது பேரு கீறான். எம்மூஞ்சிதான் ஒனக்கு ஆம்ட்டுதா?"

"நானா எடுக்கறேன்? சீட்டு வருது."

"சீட்டு வருதுன்னா? ஒருத்தன் மூணு தபா ஊதறான், ஒருத்தன் ஒரு தபாகூட ஊதல. இது இன்னா நாயம்?"

அவர் பின்னால் நின்ற எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் ஆமாம் என்றுதான் பட்டது. நாங்கள் எல்லாரும் குடம் வரிசையில் வளர்ந்தவர்கள். ஒரு குடம் பிடித்தாயிற்று என்றால் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். இன்னொருத்தருக்கு ஒரு குடம்கூடக் கிடைக்காத நேரத்தில் நீ இரண்டாவது குடத்தை நீட்டினால் தெருவில் கொலை விழும். எங்களுக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான். அதையே இங்கேயும் கொண்டுவந்தோம். ஒருமுறை எடுத்த சீட்டை ஹெல்மெட்டில் திரும்பப் போடக்கூடாது. நூற்று நாற்பது பேரும் ஒரு சுற்று ஊதி முடித்த பிறகுதான் எல்லாச் சீட்டையும் மறுபடி போட வேண்டும். யூனியன் எழுதிக் கொடுத்தது, பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டார், நான் பைலில் வைத்தேன். மூன்று பேரில் ஒருவருக்கும் அதில் ஓட்டை இருப்பது தெரியவில்லை. அல்லது அந்த அதிகாரிக்குத் தெரிந்து, இவர்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று விட்டிருக்கலாம். அவர் கோயம்புத்தூர்க்காரர், எங்கள் ஆட்கள் பேசுவதில் பாதி அவருக்கு விளங்காது.

ஓட்டை இரண்டே வாரத்தில் பல்லைக் காட்டியது. ஊதி முடித்தவனுக்கு அடுத்த ஒரு மாதம் பயமில்லை. "நான் ஊதியாச்சு" என்பது யார்டில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஊதின அன்றைக்குச் சாயந்தரமே சர்க்கார் பிராந்திக் கடை பக்கம் ஒரு கும்பல் போகும். யூனியன் போர்டில் வேறு நூற்று நாற்பது நம்பரும் எழுதி, ஊதின நம்பரை அடித்துக்கொண்டே வந்தார்கள். யார் பாக்கி என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். யாருக்கும் முன்கூட்டித் தெரியக்கூடாது என்று வந்த சோதனையை நாங்கள் நியாயம் பார்த்துப் பார்த்து ஊரறியச் செய்துவிட்டோம்.

இப்போது கிரேன்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் குடியிருந்தவர். ஐம்பதை நெருங்கினவர். யார்டு தொடங்கின நாளில் இருந்து பெரிய கிரேன் அவர் கையில். நாலு பெட்டி உயரத்துக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, லாரி மேல் பெட்டியைச் சத்தமில்லாமல் இறக்குவார். காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுங்காது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். முதல் வாரமே அவர் நம்பர் வந்து, மிஷின் சிவப்பாகி, லெட்டரும் வாங்கிவிட்டார். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். அந்த வயசில் இன்னொரு யார்டு அவரைக் கிரேனில் ஏற்றாது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. வீட்டில் சம்பளம் கொண்டு வருகிற ஆள் அவர் ஒருவர்தான். லெட்டரில் கையெழுத்துப் போடும்போது, "நல்ல காலம்மா, இன்னும் ஒண்ணு பாக்கி கீது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புது விதிப்படி சுற்று தொடங்கினதும் அவருக்கு ஒரு விசித்திரம் நடந்தது. அவர் நம்பர் வரவே இல்லை. தினம் நாலு பேர், நாளுக்கு நாள் ஹெல்மெட் காலியாகிறது, அவர் சீட்டு மட்டும் அடியில் கிடக்கிறது. இன்றைக்கு வருமோ என்ற பயத்தில் ஒவ்வொரு காலையும் குடிக்காமல் வந்தார். ஊதினவர்கள் எல்லாம் நிம்மதியாகப் போட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் காலையில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு வந்து நின்றார். கடைசி நாள் மிஞ்சின நாலு பேரில் அவர் ஒருவர். போர்டிலேயே இருக்கிறது. ஊதினார், பச்சை. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். "கொஸ்டின் பேப்பரு தெர்ஞ்சா எவந்தான் பாஸாவ மாட்டான் நைனா" என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை. பிறகு யோசித்துத்தான் ஞாபகம் வந்தது.

அது சனிக்கிழமை. ஞாயிறு லீவு. திங்கள் காலை நூற்று நாற்பது சீட்டையும் திரும்ப ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கினேன். முதல் சீட்டு யாரோ. இரண்டாவது சீட்டைப் பிரித்தேன். கிரேன்காரர் நம்பர்.

நிமிர்ந்து பார்த்தேன். பத்தடி தள்ளி நின்றிருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். முகம் உப்பிப்போய், அந்தக் காலை நேரத்திலேயே நெற்றியில் வேர்வை. சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. எனக்கு மிஷினே வேண்டாம். சனிக்கிழமை பாஸாகி, இனி ஒரு மாதம் கவலையில்லை என்று ஞாயிறு முழுக்கப் போட்டிருக்கிறார் என்று ஒரு நொடியில் முடிவு கட்டினேன். சுற்று முடிந்து எல்லாச் சீட்டும் மறுபடி விழுந்தால், கடைசியில் ஊதினவனுக்கே மறுநாள் வரலாம் என்பது அவருக்கு உறைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். யாருக்குத்தான் உறைத்தது? எனக்கே சீட்டு கையில் வந்த பிறகுதான் உறைத்தது.

நான் படிக்கிற நம்பரை யாரும் வாங்கிப் பார்த்ததில்லை. என் வாய் சொன்னதுதான் சட்டம். நான் வேறு நம்பர் சொன்னேன். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து வருகிற பாய் ஒருவர், இவருக்கும் லாக் கழற்றுகிற வேலை, ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர், சர்பத்துக்கு மேல் எதையும் தொடாதவர். அவர் ஊதினால் யாருக்கும் நஷ்டமில்லை. பாய் முன்னால் வந்து, "போன ரவுண்டும் மொத நாளே நான்தாம்மா. ஒனக்கு எம்மேல ரொம்ப மரியாதை" என்று சொல்லிவிட்டு ஊதினார். பச்சை. மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பாய் சீட்டைத் தேடி எடுத்து, கிரேன்காரர் சீட்டை ஹெல்மெட்டில் திரும்பப் போட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி இருந்ததை மறைக்க மாட்டேன். பாசமே கிடையாது என்று சொன்னார்களே என்றும் தோன்றியது.

அந்தத் திருப்தியை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து கிரேன்காரர் கேண்டீனில் இருந்து திரும்பி வரும்போது ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன்.

"ண்ணா, இன்னைக்கு உங்க நம்பர் வந்துச்சு. நான்தான் மாத்திப் படிச்சேன். இனிமேலாவது கொஞ்சம் பாத்து இருங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா மாத்துன?"

"என்னண்ணா கேள்வி இது. முகத்தைப் பாத்தாலே தெரியுதே."

"இன்னா தெரியுது?"

அவரே சொன்னார், குரலை உயர்த்தாமல்.

"நேத்து எம்மச்சான் வூட்டு விசேஷம். அல்லாரும் குட்ச்சானுங்க. எனிக்கும் ஊத்தி வச்சானுங்க. நான் ஒரு கோலி சோடாவ கைல புட்ச்சிகினு சாய்ந்தரம் வரிக்கும் குந்திகினு இருந்தேன். ராவெல்லாம் ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. இன்னியோட நாப்பது நாளும்மா. எம்பொஞ்சாதிகூட நம்பல, பரீச்சைக்காவ நிறுத்திகீறேன்னு சொல்றா. பாஸானதுக்கு அப்பறமும் நேத்து தொடலன்னு ஒருத்தனுக்காச்சும் தெரியணும்னு இருந்தேன். இன்னிக்கு எந்நம்பரு வந்துச்சுன்ற. நீ கூப்ட்ருந்தா அல்லாரு எதிர்லயும் ஊதிருப்பேன்."

அவர் வாயில் இருந்து வெற்றிலை பாக்கு வாசனை தவிர ஒன்றும் வரவில்லை. அவ்வளவு பக்கத்தில் நின்று பேசினார். காலையில் நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து தீர்ப்பு எழுதிவிட்டேன். என் அப்பா ஒருநாளும் நிறுத்தினதில்லை. குடிக்கிறவர் முகம் எனக்கு மனப்பாடம். குடியை விட்டவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே கிடையாது. அதுவும் இதேபோல்தான் இருக்கும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்.

"மன்னிச்சுக்கோங்கண்ணா. நல்லதுன்னு நெனச்சுத்தான்" என்றேன்.

"இன்னா நல்லது? நான் குட்ச்சிகீறேன்னு நெனச்சிகினேதான என்ன மேல ஏத்தி வுட்ட? கீய ஆளுங்க நிக்கறாங்கோ. அந்த பாய் நிக்கறாரு. அவரையும் ஊதவச்சிட்டு, எனிக்குக் கீயயே நிக்கவச்சிட்ட. பெட்டி எகிறி வியுந்தா இன்னா பண்ணுவ?"

அந்தக் கேள்வி காலையில் இருந்து எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. அவர் வேலை, அவர் வீடு, என் நல்ல மனசு, இவ்வளவுதான் என் கணக்கில் வந்தது. கூண்டுக்குக் கீழே தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற பத்துப் பன்னிரண்டு பேர் வரவில்லை. சோதனையே அவர்களுக்காகத்தான் என்பதும் வரவில்லை.

அவர் என்னை விட்டுவிட்டு நேராகப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனார். என்னைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். அவர் என் பேச்சையே எடுக்கவில்லை. "சார், அந்த மிஷினக் குடு, நான் ஊதணும்" என்றார். அதிகாரி சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டார். சும்மா, ஊதணும் என்றார் இவர். அதிகாரி சிரித்துவிட்டு, நம்பர் வராமல் ஊதக்கூடாது, ஊதுகிற டியூப் ஒன்றுக்கு ஒரு பேர் எழுத வேண்டும், லிஸ்டில் இல்லாத பேரை எங்கே எழுதுவது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மேடம், இவருக்கு முறை வரும்போது கூப்பிடுங்க" என்றார். நான் சரி சார் என்றேன். நம்பர் வந்தது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். சொன்னால் என் வேலை போகும். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் சொல்லுவேன் என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு கிரேன் ஏணிப்பக்கம் போனார்.

அதற்கப்புறம் அவர் என்னோடு சண்டை போடவில்லை. கேட்டில் வரும்போது தலையாட்டுவார், அவ்வளவுதான். நான் தினமும் ஹெல்மெட்டுக்குள் கை விடும்போதெல்லாம் அவர் நம்பர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். முதல் வாரம் வரவில்லை. இரண்டாம் வாரம் வரவில்லை. அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பார்த்து எதையும் சொல்லுகிற துணிச்சல் எனக்குப் போய்விட்டது. அதனால் அவர் எந்த நாளில் திரும்ப ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியாது. குடிக்கிறவருக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம், நான் இல்லாவிட்டால் இன்னொன்று என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். இருக்கலாம். ஆனால் அந்தக் காரணங்களில் ஒன்றை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக் கொடுத்தவள் நான்.

நாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, முதல் சீட்டே அவருடையது. ஒரு கணம்கூட நிறுத்தாமல் படித்தேன். அவர் வந்தார். புது டியூபைப் பிரித்துக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மிஷினைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஊதினார். சிவப்பு.

அதிகாரி வேலை நீக்கப் படிவத்தை நீட்டினார். எங்கே கையெழுத்து என்று கேட்டு, காட்டின இடத்தில் போட்டார். பேனாவைத் திரும்ப என்னிடம்தான் கொடுத்தார்.

"இன்னிக்கு கரீட்டா கூப்ட்டம்மா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, உள்ளே வருகிற டிரெய்லர் ஒன்றுக்கு ஒதுங்கி வழிவிட்டு, கேட்டுக்கு வெளியே போனார். அன்றைக்கு இன்னும் மூன்று பேர் பாக்கி இருந்தார்கள். நான் அடுத்த சீட்டை எடுத்துப் படித்தேன்.